கண்ணாடி முன்னாடி பேசிப் பழகினா போதுமா? காந்தியும் ஷாவும் வாய் திறந்த கதை

இந்த வாரம் ஒரு வரலாற்று எபிசோட். ஆனா விஷயம் நம்மில் பலருக்குத் தினமும் நடக்கிறதுதான்.

யூடியூப்ல 'ஸ்போக்கன் இங்கிலீஷ்'னு தேடிப் பாருங்க. வர்ற அறிவுரையெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு பேசு. மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளு. படம் பார்க்கும்போது கூடவே வசனத்தைச் சொல்லு. வீட்ல யாரும் இல்லாத நேரமா பார்த்து தனியா பேசிப் பழகு. ஃப்ளுயன்சி வரும், தைரியம் வரும்.

இதுல எவ்வளவு உண்மை? தனியா பேசிப் பழகினா நாக்கு பழகும், அது சரி. தைரியமும் அதே பாக்கெட்ல சேர்ந்து வருமா?

நான் மொழி ஆசிரியர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒரு சிஸ்டம் ஏன் வேலை செய்யலைனு தெரியணும்னா நான் முதல்ல பழைய லாக்ஸைத் தான் பார்ப்பேன். அதனால இன்னைக்கும் பழைய லாக்ஸைப் புரட்டலாம். கிட்டத்தட்ட 140 வருஷத்துக்கு முந்தின லண்டன். ஒரே நகரத்துல, ஒரே காலத்துல ரெண்டு இளைஞர்கள். ரெண்டு பேரும் வெளியூர்க்காரங்க. ரெண்டு பேரும் சைவம். ரெண்டு பேருக்குமே நாலு பேர் முன்னாடி எழுந்து நின்னா கை கால் உதறும். ஒருத்தர் குஜராத்திலிருந்து வந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. இன்னொருத்தர் அயர்லாந்திலிருந்து வந்த ஜார்ஜ் பெர்னார்ட் ஷா.

கேபினுக்குள்ளேயே சாப்பிட்ட பையன்

1888 செப்டம்பர் 4. பம்பாயிலிருந்து 'கிளைட்' என்ற கப்பல் கிளம்புது. அதுல காந்தி இருக்கார். 19 வயசு நிறைய இன்னும் ஒரு மாசம் இருக்கு. சட்டம் படிக்கப் போறார்.

கப்பல்ல இருந்த பயணிகள்ல பெரும்பாலானவங்க ஆங்கிலேயர்கள். அவங்க வந்து பேச்சுக் கொடுத்தா காந்திக்குப் பாதி புரியாது. புரிஞ்சாலும் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள்ள முழுசா கட்டி முடிச்ச பிறகுதான் வெளியே எடுக்க வேண்டியிருந்ததுனு தன் சுயசரிதையில எழுதியிருக்கார். இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம டெய்லி ஸ்டாண்ட்-அப் கால் ஞாபகம் வந்தது. நம்ம முறை வர்றதுக்கு முன்னாடி மூணு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிறோமே, அதேதான்.

சாப்பாட்டு மேசைக்கே அவர் போகலை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்துல இறைச்சி இல்லைனு கேட்கவும் கூச்சம். வீட்லேர்ந்து கொண்டு வந்த இனிப்பையும் பழத்தையும் கேபினுக்குள்ளேயே வெச்சுச் சாப்பிட்டார்.

கூட வந்தவர் ஜுனாகத்தைச் சேர்ந்த வக்கீல் மஜும்தார். வயசுல மூத்தவர், எல்லார்கிட்டயும் சகஜமா பழகுறவர். வக்கீலுக்கு நாக்கு நீளமா இருக்கணும், கிடைக்கிற வாய்ப்புல எல்லாம் இங்கிலீஷ் பேசு, அந்நிய மொழியில தப்பு வரத்தான் செய்யும், அதுக்குக் கவலைப்படாதேனு காந்திக்கு புத்தி சொன்னார். இன்னைக்கு எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சேனலும் இதைத் தாண்டி ஒண்ணும் சொல்லிடலை. அறிவுரை சரியானதுதான். ஆனாலும் கூச்சம் போகலைனு காந்தியே ஒத்துக்கிறார்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்தப் பயம் இங்கிலீஷால வந்தது இல்ல. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி, அவர் படிச்ச ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில வழியனுப்பு விழா நடந்தது. சொந்த ஊர், தெரிஞ்ச முகங்கள். நன்றி சொல்ல நாலு வரி எழுதிக்கிட்டுப் போனார். அதைப் படிக்கும்போதே தலை சுத்தி, உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. ஆக, கப்பல் ஏறும்போது அவர்கிட்ட ரெண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருந்தன. ஒண்ணு, வாய்க்குப் பழகாத மொழி. இன்னொண்ணு, ஆட்கள் முன்னாடி பேசுற பயம். நம்மில் நிறையப் பேர் இந்த ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு, பழியை முழுக்க இங்கிலீஷ் மேல போட்டுடறோம்.

ஒரு கினி கொடுத்து வாங்கின பயிற்சி

லண்டன் போன கொஞ்ச நாள்ல காந்தி ஒரு முடிவு எடுத்தார். ஆங்கிலேய ஜென்டில்மேன் ஆகிடணும். 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி. பாண்ட் தெருவுல 10 பவுண்டுக்கு மாலை நேர சூட். இந்தியாவிலிருந்து அண்ணனை அனுப்பச் சொல்லி இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி. டை கட்டவும் தலை வாரவும் தினமும் பத்து நிமிஷம் பெரிய கண்ணாடி முன்னாடி. டான்ஸ் வகுப்புக்கு 3 பவுண்டு. தாளம் பிடிபடலைனதும், காது பழகட்டும்னு 3 பவுண்டுக்கு வயலின். கடைசியா மேடைப் பேச்சு கத்துக்க ஒரு ஆசிரியர். அவருக்கு முதல் கட்டணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங்.

அந்த ஆசிரியர் வாங்கச் சொன்ன பாடப்புத்தகம் பெல் எழுதின 'ஸ்டாண்டர்ட் எலொக்யூஷனிஸ்ட்'. எங்க குரலை ஏத்தணும், எங்க நிறுத்தணும், கையை எப்படி அசைக்கணும்னு சொல்லித் தந்து, பழகிப் பார்க்கப் புகழ்பெற்ற பேச்சுகளைத் தொகுத்துக் கொடுக்கிற புத்தகம். அன்னைக்கு நடுத்தர வர்க்கத்து வீடுகள்ல பசங்க இதை வெச்சு உரக்கப் படிச்சுப் பழகுவாங்க. காந்தி ஆரம்பிச்சது பிரிட்டிஷ் பிரதமரா இருந்த பிட்டின் ஒரு பேச்சிலிருந்து.

யோசிச்சுப் பாருங்க. ஹோட்டல்ல இதுல கறி இருக்கானு கேட்க வராத ஒரு பையன், பிட் நாடாளுமன்றத்துல பேசினதை ஏற்ற இறக்கத்தோட சொல்லிப் பழகுறான்.

இந்த மோகம் சுமார் மூணு மாசம் நீடிச்சது. வாழ்நாள் முழுக்கவா இங்கிலாந்துல இருக்கப் போறோம், அப்புறம் எதுக்கு இந்த வேஷம்னு தனக்குத் தானே கேட்டுக்கிட்டு, ஆசிரியருக்குக் கடிதம் எழுதி நிறுத்திட்டார். பெல் என்ற பேரை மணியோட சேர்த்து, அந்தப் புத்தகம்தான் தன்னை எழுப்பி விட்டதுனு பின்னாடி ஒரு சிலேடையும் பண்ணியிருக்கார்.

அந்தப் பெல் குடும்பத்தைப் பத்தி இங்கேயே சொல்லிடறேன். 1860ல் வந்த அந்தப் புத்தகம் டேவிட் சார்ல்ஸ் பெல், அலெக்சாண்டர் மெல்வில் பெல் என்ற சகோதரர்களுடையது. இவங்க வீட்ல உச்சரிப்புதான் குடும்பத் தொழில். மெல்வில் பெல் 1867ல் 'விசிபிள் ஸ்பீச்'னு ஒரு எழுத்து முறையை வெளியிட்டார். ஒரு ஒலி வரும்போது நாக்கும் உதடும் தொண்டையும் எந்த நிலையில இருக்குனு குறியீட்டுலயே காட்டுற முறை. அவருடைய மகன்தான் டெலிபோன் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் கிரகாம் பெல். காந்தி கையிலிருந்த புத்தகம் அப்பாவோடது. நூறு வருஷம் கழிச்சு நம்ம ஊர் கால் சென்டர்ல 'வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட்' டிரெயினிங்கை ஒரு தொழிலாவே ஆக்கின கருவி, மகனோடது.

வாயே திறக்காத கமிட்டி உறுப்பினர்

சரி, ஜென்டில்மேன் வேஷம் போச்சு. இங்கிலீஷ் என்ன ஆச்சு? அது நல்லாவே வளர்ந்தது. தினமும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் செய்தித்தாள் படிச்சார். லண்டன் மெட்ரிகுலேஷன் எழுதினார். சைவ உணவுச் சங்கத்தின் பத்திரிகைக்கு இங்கிலீஷ்லயே கட்டுரைகள் எழுதினார். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கூட்டத்துக்கு ஒழுங்கா போவார். ஆனா வாயைத் திறக்க மாட்டார். அவருடைய நண்பர் டாக்டர் ஓல்ட்ஃபீல்டு ஒரு நாள் கேட்டே விட்டார்: என்கிட்ட நல்லாத்தானே பேசுறே, கமிட்டியில மட்டும் ஏன் பேசுறதே இல்லைனு. வேலை செய்யாத ஆண் தேனீயோட ஒப்பிட்டு கிண்டலும் பண்ணினார்.

ஒரு தடவை விஷயம் சூடாச்சு. டாக்டர் அலின்சன் என்ற உறுப்பினர் கருத்தடையை ஆதரிச்சார்னு அவரைச் சங்கத்திலிருந்து நீக்கத் தலைவர் ஹில்ஸ் முயற்சி பண்ணினார். காந்திக்குக் கருத்தடை விஷயத்துல அலின்சனோட உடன்பாடு கிடையாது. ஆனாலும் சைவ உணவுச் சங்கத்துல இருக்க அது ஒரு தடையா இருக்கக்கூடாதுனு தோணுச்சு. சொல்ல வேண்டியதை எழுதிக்கிட்டுப் போனார். படிக்கவும் தைரியம் வரலை. தலைவர் வேற ஒருத்தரை விட்டுப் படிக்க வெச்சார். அன்னைக்கு அவர் பக்கம் தோத்துப் போச்சு.

இன்னொரு தடவை வென்ட்னர்ல சைவக்காரர்கள் கூட்டம். ஒரே ஒரு தாள்ல பேச்சை எழுதிக்கிட்டு எழுந்தார். கண் மங்கிடுச்சு, கை நடுங்குது. அதை வாங்கிப் படிச்சவர் யார் தெரியுமா? கப்பல்ல புத்தி சொன்ன அதே மஜும்தார்.

1891ல் ஊர் திரும்புறதுக்கு முன்னாடி நண்பர்களுக்கு ஹோல்பார்ன் உணவகத்துல விருந்து கொடுத்தார். நகைச்சுவையா ஆரம்பிக்கணும்னு தயார் பண்ணியிருந்தார். முதல் வாக்கியம் மட்டும் வந்தது. அதோட மறந்து போச்சு. வந்ததுக்கு நன்றினு ஒரு வரி சொல்லி உட்கார்ந்துட்டார். பம்பாய் வந்த பிறகு, ஸ்மால் காசஸ் கோர்ட்டுல முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்; ஒரு கேள்வி கூட வரலை. வாங்கின 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வேற வக்கீலை வெச்சுக்கச் சொல்லிட்டு வெளியே வந்துட்டார்.

இவ்வளவையும் ஏன் விவரமா சொல்றேன்னா, இந்தக் கட்டத்துல அவருக்கு இங்கிலீஷ் குறைவு இல்ல. கட்டுரை எழுதுற அளவுக்கு மொழி இருக்கு. தனியா ஒருத்தர்கிட்ட நல்லா பேச வருது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற அறையில மட்டும் வரலை. உங்க டீம்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பக் எங்க இருக்குனு அழகா விளக்குவார். கிளையன்ட் கால்ல மியூட்ல இருப்பார். அவர் கண்டுபிடிச்சதை வேற ஒருத்தர் எடுத்துச் சொல்லி பேர் வாங்குவார். அப்ரைசல்ல அவருக்கு 'கம்யூனிகேஷன்' சரியில்லைனு ஒரு வரி வந்துடும். அவருக்கு இன்னொரு கிராமர் புத்தகம் வாங்கிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

வாராவாரம் முட்டாள் ஆகத் தயாரா இருந்தவர்

இப்போ ஷாவைப் பார்க்கலாம். 1856ல் டப்ளின்ல பிறந்து, 1876ல் லண்டன் வந்தவர். கையில வேலை இல்ல. எழுதின நாவல்களை வெளியிட ஆள் இல்ல. 1880 வாக்குல ஒரு நண்பர் அவரை 'ஸெடெட்டிகல் சொசைட்டி' என்ற விவாத மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க எழுந்து ஏதோ பேசினார். உட்கார்ந்த பிறகு, நாம நம்மளை நாமே கேவலப்படுத்திக்கிட்டோம்னு தோணுச்சாம். அங்கேயே ஒரு சபதம் எடுத்தார்: இனிமே ஒவ்வொரு வாரமும் வரணும், ஒவ்வொரு விவாதத்துலயும் பேசணும்.

செஞ்சும் காட்டினார். நெஞ்சு படபடக்கும். கையில இருக்கிற குறிப்பைப் படிக்க முடியாத அளவுக்கு விரல் நடுங்கும். ஆனா எழுந்து நிப்பார். பின்னாடி யாரோ எப்படிப் பேசக் கத்துக்கிட்டீங்கனு கேட்டப்போ, ஸ்கேட்டிங்கும் சைக்கிளும் கத்துக்கிற மாதிரிதான், பழகுற வரைக்கும் விடாம முட்டாள் ஆகிக்கிட்டே இருந்தேன்ங்கற அர்த்தத்துல பதில் சொன்னார். அப்புறம் தெருமுனை, பூங்கா, தொழிலாளர் கூட்டம்னு பத்து வருஷத்துக்கும் மேல ஓயாம பேசினார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஷா தனியாவும் பழகினார். ரிச்சர்ட் டெக் என்ற அல்சேஸ் பகுதிப் பாடகர்கிட்ட சொற்களைத் தெளிவா உச்சரிக்கிற முறையைத் தெரிஞ்சுக்கிட்டார். பாடகர்கள் தினமும் சரளி வரிசை பாடிப் பழகுற மாதிரி, இவர் எழுத்துகளை ஒவ்வொண்ணா உச்சரிச்சுப் பழகினார். வேகமா பேசும்போது வார்த்தைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்கத்தான் இது.

எங்க தொழில்ல ஒரு ஜோக் உண்டு: 'என் மெஷின்ல ஓடுது.' லோக்கல்ல டெஸ்ட் பண்ணாம யாரும் டெப்ளாய் பண்ணக்கூடாது. ஆனா லோக்கல்ல மட்டும் ஓடுற கோடு யாருக்கும் உபயோகம் இல்ல. ஷா ரெண்டையும் பண்ணினார். வீட்ல எழுத்துப் பயிற்சி, வாராவாரம் மன்றம். லண்டன்ல இருந்த காந்திக்கு அந்த ரெண்டாவது பாதிதான் அமையலை.

கிராமபோன் ஊசியும் சேரிங் கிராஸும்

ஷாவுக்கு உச்சரிப்பு மேல இருந்த பித்து பின்னாடி ஒரு நாடகமாச்சு. லண்டன்ல 1914ல் மேடையேறின 'பிக்மேலியன்'. 'மை ஃபேர் லேடி' படம் பார்த்தவங்களுக்குக் கதை தெரியும். தெருவுல பூ விக்கிற எலைசாவுக்கு ஹிக்கின்ஸ் என்ற பேராசிரியர் சீமாட்டி மாதிரி பேசக் கத்துக் கொடுக்கிறார். அந்த நாடகத்தின் முன்னுரையில ஷா மெல்வில் பெல்லின் பேரையும் சொல்றார், மகன் டெலிபோன் கண்டுபிடிச்சதையும் சொல்றார்.

அதுல ஒரு காட்சி. எலைசா முதல் தடவை பெரிய வீட்டு விருந்தாளிகள் முன்னாடி பேசுறா. உச்சரிப்பு அப்பழுக்கு இல்லாம இருக்கு. பேச்சு வானிலையில ஆரம்பிச்சு, தன் அத்தையை யாரோ தீர்த்துக் கட்டிட்டாங்கனு போகுது. நுனி நாக்கு இங்கிலீஷ் வந்தாச்சு. ஆனா அந்த அறையில யார்கிட்ட எதைப் பேசுறதுங்கற பழக்கம் இன்னும் வரலை. மேடை சிரிக்குது.

1927ல் ஷா இன்னொரு காரியம் பண்ணினார். 'லிங்குவாஃபோன்' கம்பெனிக்காக இசைத்தட்டுல பேசினார். ஜாக் ரோஸ்டன் என்பவர் 1901ல் லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. அதோட புதுமை என்னன்னு இப்போ நமக்குப் புரிய வைக்கிறது கஷ்டம். அதுக்கு முன்னாடி ஒரு அந்நிய மொழியைக் காதால கேட்கணும்னா, அதைப் பேசுற ஆள் எதிர்ல இருக்கணும். தட்டு வந்த பிறகு, ஒரு அறைக்குள்ள தனியா உட்கார்ந்து அதே வாக்கியத்தை இருபது தடவை கேட்கலாம், திருப்பிச் சொல்லலாம். சிரிக்க யாரும் இல்ல. இன்னைக்கு நம்ம ஃபோன்ல இருக்கிற எல்லா லாங்குவேஜ் ஆப்புக்கும் அதுதான் பாட்டி.

அந்தத் தட்டுல ஷா முதல்ல கிராமபோனின் வேகத்தைச் சரி பண்ணச் சொல்றார். வேகம் தப்பா இருந்தா நீங்க கேட்கிறது என் குரலே இல்லைனு எச்சரிக்கை. இந்த எபிசோடை 1.5 வேகத்துல கேட்கிறவங்க கவனிக்க.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். எல்லாருக்கும் பொதுவான, அப்பழுக்கில்லாத இங்கிலீஷ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அறிவிப்பாளர்கள் எப்படி உச்சரிக்கணும்னு முடிவு பண்ண பிபிசி ஒரு குழு போட்டிருக்கு. அதுல நானும் இருக்கேன். எங்கள்ல ரெண்டு பேர் கூட ஒரே மாதிரி பேசுறதில்ல. நானே மேடையில பேசுற மாதிரி வீட்ல பேசினா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுனு என் மனைவி நினைப்பாங்க. இதுதான் அவர் சொன்னதோட சாரம்.

கடைசியா வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு யோசனை. லண்டன்ல வழி கேட்கணும்னா நீளமா, இலக்கணமா, ஒவ்வொரு எழுத்தையும் அழகா உச்சரிச்சுக் கேட்காதீங்க, சந்தேகப்படுவாங்க. சேரிங் கிராஸுக்கு வழி எதுனு ரெண்டு மூணு வார்த்தையில சத்தமா கேளுங்க. ஆறு பேர் ஓடி வந்து வழி சொல்லுவாங்க.

இங்கிலீஷ் சொல்லித் தர்ற கம்பெனியின் தட்டுலயே இதைச் சொல்லியிருக்கார். நம்ம ஊர்ல இதுக்கு வேற பேர் வெச்சிருந்தாங்க. மெட்ராஸ்ல வெள்ளைக்காரங்க வீட்ல வேலை பார்த்தவங்க பேசின உடைஞ்ச இங்கிலீஷுக்கு 'பட்லர் இங்கிலீஷ்'னு பேர். இன்னைக்கும் அது கேலி வார்த்தைதான். ஆனா அந்த மொழியை வெச்சுத்தான் அவங்க கணக்கு சொன்னாங்க, பேரம் பேசினாங்க, ஒரு வீட்டையே நடத்தினாங்க. சமையல்காரர் சொன்னது துரைக்குப் புரிஞ்சது. அப்புறம் அதுல என்ன குறை?

பிரிட்டோரியாவில் ஒரு முடி திருத்துபவர்

மறுபடி காந்தி. 1893ல் ஒரு வழக்கு விஷயமா தென்னாப்பிரிக்கா போறார். ரயில் பெட்டியிலிருந்து இறக்கி விடப்பட்ட கதை நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்துலயே தெரியும். அதுக்கு அடுத்து நடந்தது அவ்வளவா தெரியாது.

பிரிட்டோரியா போனதும் அங்க இருந்த இந்தியர்களையெல்லாம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார். வந்தவங்க பெரும்பாலும் மேமன் வியாபாரிகள். டிரான்ஸ்வால்ல இந்தியர்களோட நிலைமை என்ன, வியாபாரத்துல நேர்மை ஏன் வேணும்னு பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சுனு அவர் குறிப்பிடுறது இதைத்தான். லண்டன்ல வராத பேச்சு இங்க வந்தது. என் வாசிப்புல காரணம் எளிமையானது. இந்தத் தடவை அவர் கையில இருந்தது பிட்டின் பேச்சு இல்ல, சிரிக்க வைக்கத் தயார் பண்ணின நகைச்சுவையும் இல்ல. தன் உடம்புல பட்டு வந்த விஷயம். கேட்க உட்கார்ந்திருந்தவங்களுக்கும் அதே அடி விழுந்துக்கிட்டிருந்தது.

அந்தக் கூட்டத்துல அவர் கவனிச்ச இன்னொரு விஷயம், அங்க நிறையப் பேருக்கு இங்கிலீஷ் தெரியலைங்கறது. நேரம் இருக்கிறவங்களுக்கு நானே சொல்லித் தர்றேன்னார். மூணு பேர் முன்வந்தாங்க: ஒரு முடி திருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர். அவங்களால வகுப்புக்கு வர முடியாதுங்கறதால, இவரே அவங்க இடத்துக்குப் போனார். சில நாள் போனா வாடிக்கையாளர் இருப்பாங்க, காத்திருப்பார்.

முடி திருத்துபவருக்கு என்ன வேணும்? வர்ற வாடிக்கையாளரோட பேசுற அளவுக்கு இங்கிலீஷ். அவ்வளவுதான். அதுக்கு மேல ஆசை இல்ல. லண்டன்ல ஒரு கினி கொடுத்து ஜென்டில்மேன் இங்கிலீஷ் வாங்கப் போன அதே ஆள், ஐந்தாறு வருஷத்துல, நாற்காலிக்கும் சீப்புக்கும் நடுவுல நின்னு, தேவையான இங்கிலீஷை மட்டும் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கார். எட்டு மாசத்துல ரெண்டு பேர் நல்லாவே முன்னேறினாங்க. கணக்கு எழுதவும், சாதாரண வியாபாரக் கடிதம் எழுதவும் வந்துடுச்சு.

காந்தியோட கூச்சம் முழுசா போயிடுச்சானு கேட்டா, இல்ல. தென்னாப்பிரிக்காவுலதான் அது குறைஞ்சது, ஆனா எப்பவுமே முழுசா விலகலைனு எழுதியிருக்கார். திடீர்னு எழுந்து பேசுறது அவருக்குக் கடைசி வரை கஷ்டம்தான். வார்த்தையை எண்ணிப் பேசுற பழக்கம் அந்தக் கூச்சத்தால வந்ததுனு சந்தோஷமும் பட்டிருக்கார். அதனால 'பயமே இல்லாம பேசணும்'னு ஒரு இலக்கு வெச்சுக்காதீங்க. அந்த இலக்கு காந்திக்கே எட்டலை.

கப்பலில் ஒரு தமிழ்ப் புத்தகம்

இந்தக் கதையில நம்ம மொழிக்கும் ஒரு இடம் இருக்கு. நேட்டால்ல காந்தி யாருக்காகப் பாடுபட்டாரோ, அந்த ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள்ல நிறையப் பேர் தமிழர்கள். அவங்க மொழி தெரியணும்னு அவருக்கு ஆசை. 1896ல் டர்பன்லேர்ந்து கல்கத்தாவுக்கு 'பொங்கோலா' கப்பல்ல வரும்போது, கப்பல் டாக்டர் அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். தமிழைத் தானே கத்துக்கிற செல்ஃப் டீச்சர். அதை வெச்சுத் தனியா படிக்க ஆரம்பிச்சார். பின்னாடி தென்னாப்பிரிக்கச் சிறைகள்லயும் தமிழ் படிச்சார்.

விளைவு என்ன? கொஞ்சம் படிக்க வந்தது. பேச வரவே இல்லைனு அவரே சொல்றார். படிக்க வந்ததும், பழக்கம் விட்டுப் போய் துருப்பிடிச்சுக்கிட்டிருக்குனு வருத்தப்படுறார்.

எனக்கு இந்த எபிசோட்ல ரொம்பப் பிடிச்ச தகவல் இது. மன உறுதிக்குப் பேர் போன ஆள். நோக்கம் தெளிவா இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனா தனியா, மௌனமா, புத்தகத்தோட மட்டும் படிச்சார். கண்ணுக்குப் பழகின தமிழ் நாக்குக்குப் போய்ச் சேரலை. அதனால, பத்து வருஷமா இங்கிலீஷ்ல கோடும் மெயிலும் எழுதிட்டு, பேசும்போது திணறுறவங்க தங்களை முட்டாள்னு நினைச்சுக்க வேண்டாம். படிக்கிறது ஒரு திறமை, பேசுறது இன்னொரு திறமை. ஒண்ணைப் பழகினா இன்னொண்ணு தானா வராது.

சரி, தனியா என்ன பண்ணலாம்?

நெதர்லாந்து உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989ல் எழுதின 'ஸ்பீக்கிங்' புத்தகம், பேச்சை மூணு கட்டமா பிரிக்குது: என்ன சொல்லணும்னு முடிவு பண்றது, அதை வார்த்தையும் வாக்கியமுமா கட்டுறது, வாயால வெளியே எடுக்கிறது. தாய்மொழியில ரெண்டாவதும் மூணாவதும் தானா ஓடும். முழு கவனமும் முதல் கட்டத்துல இருக்கலாம். பழகாத மொழியில ரெண்டாவது கட்டத்துலயே கவனம் தீர்ந்து போகுது. கப்பல்ல காந்திக்கு நடந்தது அதுதான். தனிப் பயிற்சி உதவுறது இந்த இடத்துலதான்: ரெண்டாவதையும் மூணாவதையும் யோசிக்காம ஓட வைக்கிறது.

அதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பயிற்சி 4/3/2. 1983ல் கீத் மாரிஸ் முன்வெச்சு, நியூசிலாந்தின் பால் நேஷன் பரப்பின முறை. ஒரே விஷயத்தை நாலு நிமிஷம் பேசணும், அப்புறம் அதையே மூணு நிமிஷத்துல, அப்புறம் ரெண்டு நிமிஷத்துல. புது விஷயம் தேட வேண்டியதில்லைங்கறதால, மூணாவது தடவை வாக்கியம் தானா வரும். வகுப்புல ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்கிற ஆள் மாறுவாங்க. தனியா இருந்தா ஃபோன் ரெக்கார்டர் போதும்.

எதைப் பேசுறதுங்கறதுலயும் கவனமா இருங்க. யாரோட டெட் டாக்கையோ மனப்பாடம் பண்ணாதீங்க. அது பிட்டின் பேச்சு. நாளைக்கு நிஜமா சொல்லப் போறதைப் பேசுங்க. நேத்து அந்த பக்கை எப்படிக் கண்டுபிடிச்சீங்க, இந்த ரிலீஸ் ஏன் ஒரு வாரம் தள்ளிப் போகுது, வீட்டு ஓனர்கிட்ட அட்வான்ஸை எப்படித் திருப்பிக் கேட்பீங்க. சலூன்காரர் கணக்கு அது: என் நாற்காலிக்கு யார் வருவாங்க, அவங்ககிட்ட என்ன பேசணும்?

ரெண்டாவது பாதி, ஷாவோட பாதி. வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு உயிருள்ள மனுஷன் முன்னாடி, அதே விஷயத்தை ஒரு தடவை பேசணும். மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் போதும். கை நடுங்கும், பரவாயில்லை. பயம் குறையறது அங்கதான். கண்ணாடி எத்தனை நாள் நம்மளைப் பார்த்தாலும் அந்த வேலையைச் செய்யாது.

நேர்முகத் தேர்வு எடுக்கிற இடத்துல, டீம் லீடா இருக்கிறவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாய் திறக்காத அந்த இளைஞனுக்கு விஷயம் தெரியாதுனு ஓல்ட்ஃபீல்டு நினைக்கலை. தனியா கூப்பிட்டு, ஏன் பேச மாட்டேங்கறேனு கேட்டார். உங்க கால்ல மியூட்ல இருக்கிறவரை ஒரு தடவை அப்படிக் கேட்டுப் பாருங்க. முடிஞ்சா, அவருக்குப் பதிலா நீங்க பேசாம, அவர் முடிக்கிற வரை காத்திருங்க.

இந்த வாரம் 4/3/2 பண்ணிப் பார்க்கிறவங்க, அந்த ரெண்டு நிமிஷ ரெக்கார்டிங் எப்படி வந்ததுனு எனக்கு எழுதுங்க. தமிழ்ல எழுதினாலும் சரி, உடைஞ்ச இங்கிலீஷ்ல எழுதினாலும் சரி. எனக்குப் புரியும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.